மூளை காக்கும் மட்டம்: இரத்த அழுத்தமும் நோன்பு வாழ்வும்

அருகப் பெருமான் திருவடி வாழ்க.



தேனி மாவட்டத்துக் கம்பம் பள்ளத்தாக்கில் அமைந்த ஊர் உத்தமபாளையம். அவ்வூரை ஒட்டித் திருக்குணகிரி என்னும் குன்று உள்ளது. அங்குள்ளோர் அதனைக் கருப்பணசாமி கோயில் பாறை என்றும் வழங்குவர். அப்பாறையின் முகப்பில், கி.பி. 9, 10-ஆம் நூற்றாண்டுகளைச் சேர்ந்த தீர்த்தங்கரர் திருமேனிகள் வரிசையாகச் செதுக்கப்பட்டுள்ளன. அருகே வட்டெழுத்துக் கல்வெட்டுகள் காணப்படுகின்றன. மதுரைக் குன்றுகள் பலவற்றில் திருமேனிகளைச் செய்வித்த அச்சணந்தி முனிவரின் பெயர் இங்கும் பொறிக்கப்பட்டுள்ளது. அமர்ந்த கோலத்திலும் நின்ற கோலத்திலும் அத்திருமேனிகள் காட்சி தருகின்றன.

நின்ற கோலம் காயோத்சர்க்க நிலையாகும். கைகள் இயல்பாகத் தொங்க, உடல் அசையாது, உள்ளம் ஒருமையில் நிற்பது அது. காயத்தின் மீதுள்ள பற்றை விடுதல் என்பது அச்சொல்லின் பொருள். காண்போர் கண்ணுக்கு அந்நிலை முழு அசைவின்மை. ஆனால் நிற்கும் மனிதனின் உடலுக்குள் ஓர் ஓயாத காவற்பணி நடைபெற்றுக்கொண்டே இருக்கிறது. அக்காவலை நடத்துவது மூளை. காக்கப்படுவது இரத்த அழுத்தம். அக்காவலின் வலிமையையும், அது தவறும் இடத்தையும், நோன்பு நோற்கும் குடும்பங்கள் அறிந்துகொள்ள வேண்டியவற்றையும் கூறுவதே இவ்வுரையின் நோக்கம்.

நிற்றல் எளிதன்று

படுத்திருந்தவர் எழுந்து நிற்கிறார் என்று கொள்வோம். அந்நொடியிலேயே அரை லிட்டர் முதல் முக்கால் லிட்டர் வரையிலான இரத்தம் வயிற்றுக்கும் கால்களுக்கும் இறங்கிவிடுகிறது. இதயத்திற்குத் திரும்பும் இரத்தம் குறைகிறது. மூளையோ உடலின் உச்சியில் இருக்கிறது. உடலின் எடையில் அது ஏறத்தாழ நூற்றில் இரண்டு பங்குதான். ஓய்வு நிலையில் உடல் செலவிடும் ஆற்றலிலோ ஐந்தில் ஒரு பங்கு அதற்கு வேண்டும். இரத்த ஓட்டம் சில நொடிகள் தடைப்பட்டாலும் கண் இருண்டு மனிதன் விழுந்துவிடுவான்.

ஆயினும் நாள்தோறும் பலமுறை எழுகிறோம், விழுவதில்லை. ஏன்? ஓரிரு இதயத்துடிப்புக்குள் மூளை நிலைமையை அறிந்து சரிசெய்துவிடுகிறது.

120 என்று மருத்துவர் கூறும் அளவு, 120 மில்லிமீட்டர் உயரமுள்ள பாதரசத் தூணைத் தாங்கும் அழுத்தமாகும். பாதரசம் நீரைவிட 13.6 மடங்கு அடர்த்தி உடையது. ஆகவே அதே அழுத்தம் நீர்த்தூணாயின் ஏறக்குறைய 163 சென்டிமீட்டர் உயரத்தைத் தாங்கும். ஓர் ஆள் உயரம் அது. இதயம் ஒவ்வொரு துடிப்பிலும் ஆள் உயர நீர்த்தூணைத் தாங்கும் விசையோடு இரத்தத்தைச் செலுத்துகிறது. அவ்விசை குறைந்தால் தலைக்கு இரத்தம் ஏறாது. மிகுந்தால் மென்மையான நுண்குழாய்கள் சிதையும். இரண்டுக்கும் இடையே ஒரு மட்டத்தில் அதனை நிறுத்த வேண்டும்.

பெரியாற்று நீரும் உடலின் மதகுகளும்

மட்டத்தை நிறுத்துதல் என்றால் என்ன என்பதைக் கம்பம் பள்ளத்தாக்கு மக்களுக்கு விளக்க வேண்டியதில்லை. மேற்கே ஓடிக் கடலில் கலந்துகொண்டிருந்த பெரியாற்றின் நீரை, 1895-இல் கட்டி முடிக்கப்பட்ட முல்லைப்பெரியாறு அணை தேக்கி, மலையைக் குடைந்த சுரங்கத்தின் வழியே கிழக்கே திருப்பியது. அந்நாள் தொட்டு இப்பள்ளத்தாக்கின் நெல்லும் வாழையும் திராட்சையும் அணையின் நீர்மட்டத்தை நம்பியே வளர்கின்றன. அணையில் இன்று எத்தனை அடி என்பதே நாளிதழில் உழவர் முதலில் தேடும் செய்தி. 142 அடி வரை தேக்கலாம் என்று உச்ச நீதிமன்றம் 2014-இல் கூறிய தீர்ப்பு இங்கே சிறுவர்க்கும் தெரியும்.

அணையைக் காப்பதில் மூன்று பணிகள் உண்டு. ஒருவர் நீர்மட்டத்தை அளந்து சொல்ல வேண்டும். ஒருவர் அதனைக் கேட்டு முடிவு செய்ய வேண்டும். ஒருவர் மதகை இயக்க வேண்டும். உடலிலும் இம்மூன்றும் அவ்வாறே அமைந்துள்ளன.

அளப்போர், அழுத்த உணர்விகள். கழுத்தின் இருபுறமும் மூளைக்கு இரத்தம் கொண்டு செல்லும் தமனி பிரியும் இடத்தில் சிறு புடைப்பு ஒன்று உண்டு. அதன் சுவரிலும், இதயத்திலிருந்து எழும் பெருந்தமனியின் வளைவிலும் நுண்ணிய நரம்பு முனைகள் பதிந்துள்ளன. அழுத்தம் கூடிக் குழாய்ச் சுவர் விரிந்தால் அவை மிகுதியான செய்திகளை அனுப்பும். அழுத்தம் குறைந்தால் செய்தியும் குறையும்.

முடிவு செய்வது முகுளம். மூளையின் அடிப்பகுதி தண்டுவடத்தோடு இணையும் இடத்தில், கட்டைவிரல் பருமனில் உள்ள பகுதி அது. மூச்சும் இதயத்துடிப்பும் அதன் ஆட்சிக்கு உட்பட்டவை. உணர்விகளின் செய்தி நாவடித்தொண்டை நரம்பு, வேகஸ் நரம்பு ஆகியவற்றின் வழியாக அங்கே வந்து சேர்கிறது.

மதகை இயக்குவோர் இருவகை நரம்புகள். பரிவு நரம்புகள் இதயத்தை விரைவுபடுத்திச் சிறு தமனிகளைச் சுருக்கும், அழுத்தம் ஏறும். எதிர்ப்பரிவு நரம்பாகிய வேகஸ் இதயத்தை நிதானப்படுத்தும், அழுத்தம் தணியும். எழுந்து நின்றவுடன் முகுளம் முன்னதைத் தூண்டிப் பின்னதை அடக்குகிறது. கால்களின் குழாய்கள் சுருங்குகின்றன. நாடி சற்று விரைகிறது. தலைக்கு இரத்தம் குன்றாமல் செல்கிறது.

இது நொடிக்கணக்கில் நடக்கும் பணி. நாள் கணக்கிலும் ஆண்டுக் கணக்கிலும் மட்டத்தைத் தீர்மானிப்பது சிறுநீரகம். உப்பையும் நீரையும் எவ்வளவு வைத்துக்கொள்வது, எவ்வளவு வெளியேற்றுவது என்பது அதன் பொறுப்பு. அங்கும் மூளையின் கை நீள்கிறது. பரிவு நரம்புகள் சிறுநீரகத்தைத் தூண்டி ரெனின் என்னும் பொருளைச் சுரக்கச் செய்கின்றன. அதன் தொடர்ச்சியாக உண்டாகும் ஆஞ்சியோடென்சின் குழாய்களைச் சுருக்கி, உப்பைத் தேக்குகிறது. மூளையிலுள்ள ஹைப்போதலாமஸ் உண்டாக்கும் வாசோபிரெசின், நீரைத் தேக்குகிறது. அதே ஹைப்போதலாமஸ் தாகத்தையும் எழுப்புகிறது.

கழுத்துத் தமனியிலும் பெருந்தமனியிலும் உள்ள உணர்விடங்கள் மூச்சை நெறிப்படுத்துவதைக் கண்டறிந்தமைக்காகப் பெல்ஜியத்து அறிஞர் கார்னீல் ஹேமான்ஸுக்கு 1938-ஆம் ஆண்டின் நோபல் பரிசு வழங்கப்பட்டது. அவருடைய ஆய்வுகள் நாய்களின் மீது செய்யப்பட்டவை. இத்துறையின் அறிவு பெரும்பாலும் வாயில்லா உயிர்களின் துன்பத்தில் விளைந்தது என்பதைக் கொல்லா நெறியினர் வருத்தத்துடன் நினைப்பர். அத்துன்பத்தை இனி மாற்ற இயலாது. அதனால் கிடைத்த அறிவையும் புறக்கணித்து ஓர் உயிரை இழப்பது, இழப்பின் மேல் இழப்பாகும்.

அளவுகோலே நகர்ந்தால்

இத்தனை காவல் இருந்தும் இரத்தக்கொதிப்பு ஏன் வருகிறது? இவ்வுரையின் மையம் இக்கேள்வியே.

அணையின் சுவரில் அடிக்கோடுகள் வரையப்பட்டிருக்கும். ஒருவர் அறியாமல் அக்கோடுகளை எட்டு அடி மேலே மாற்றி வரைந்துவிட்டால், காவலர் 150 அடியைக் கண்டு 142 என்றே குறிப்பார். அவர் உறங்கவில்லை, கடமையில் தவறவில்லை. அவருடைய அளவுகோல் தவறிவிட்டது. அதன்பின் நீர் சரியான மட்டத்திற்கு இறங்கினால், நீர் குறைந்துவிட்டது என்று அவரே மதகை அடைப்பார்.

உடலிலும் இதுவே நிகழ்கிறது. மிகு உப்பு, உடற்பருமன், உழைப்பின்மை, மது, புகையிலை, குறட்டையோடு மூச்சடைக்கும் உறக்கம், பரம்பரை, முதுமையால் இறுகும் தமனிகள் எனப் பல காரணங்களால் அழுத்தம் உயர்ந்து அங்கேயே நிலைத்தால், உணர்விகள் அவ்வுயர்ந்த மட்டத்தையே இயல்பாகக் கொள்ளத் தொடங்குகின்றன. முகுளத்திற்கு எச்சரிக்கை செல்வதில்லை. காக்க வேண்டிய மூளை, தவறான மட்டத்தையே காக்கத் தொடங்கிவிடுகிறது.

பெரும்பாலானோர்க்கு இந்நோயில் தலைவலியோ மயக்கமோ தோன்றாமல் இருப்பது இதனால் வியப்பன்று. "எனக்கு ஒன்றும் செய்யவில்லையே, மாத்திரை எதற்கு?" என்று கேட்பவர் பொய் சொல்லவில்லை. அவருக்கு ஒன்றும் தெரியவில்லை என்பது உண்மை. ஆனால் எதைக்கொண்டு அவர் உணர வேண்டுமோ அக்கருவியே மாறிவிட்டது. மருந்தைத் தொடங்கிய முதல் சில வாரங்களில் சிலருக்குச் சோர்வு தோன்றுவதற்கும், உயர்ந்த மட்டத்திற்குப் பழகிய உடல் புதிய மட்டத்திற்கு மெல்ல மெல்லவே பழகுவது ஒரு காரணம். அச்சோர்வைக் கண்டு மருந்தை எறிந்துவிடாமல் மருத்துவரிடம் சொல்வதே முறை.

இத்தவற்றின் விலையை முதலில் கொடுப்பதும் மூளைதான். உயர்ந்த அழுத்தம் மூளையின் நுண்குழாய்களைத் தடிக்கச் செய்கிறது, அடைக்கிறது, சில வேளை உடைக்கிறது. பக்கவாதம் அதன் வெளிப்படையான முகம். நினைவு மங்கல் அதன் மறைவான முகம். அமெரிக்காவில் நடந்த ஸ்பிரின்ட் ஆய்வின் ஒரு பகுதி 2019-இல் வெளியாயிற்று. மேல் அழுத்தத்தை 120-க்குக் கீழ் வைக்க முயன்ற பிரிவினரிடம், 140-க்குக் கீழ் வைத்தோரைவிட, தொடக்கநிலை நினைவுக் குறைபாடு குறைந்திருந்ததை அது காட்டியது. எவருக்கு எந்த மட்டம் ஏற்றது என்பதை மருத்துவரே முடிவு செய்வார். ஆனால் அழுத்தத்தைக் காப்பது அறிவைக் காப்பதுமாகும் என்பதில் ஐயமில்லை.

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆதரவில் நடந்து 2023-இல் வெளியான பெரிய ஆய்வு, நாட்டின் வயது வந்தோரில் 35.5 விழுக்காட்டினர்க்கு இரத்தக்கொதிப்பு இருப்பதாகக் கணக்கிட்டது. மூவரில் ஒருவர் என்பது எந்தக் கூட்டுக் குடும்பத்தையும் விட்டுவைக்காத அளவு.

மூச்சும் மந்திரமும்

தானே இயங்கும் இக்காவலில், மனிதன் விரும்பித் தொடக்கூடிய கதவு ஒன்று உண்டு. அது மூச்சு. மூச்சை உள்ளே இழுக்கும்போது நாடி சற்று விரையும், விடும்போது தணியும். மூச்சு மெதுவாகும்போது வேகஸ் நரம்பின் செயல் ஓங்குகிறது. அழுத்த உணர்விகளின் கூர்மை மிகுகிறது.

இத்தாலிய மருத்துவர் லூசியானோ பெர்னார்டியும் அவர் குழுவினரும் 2001-இல் ஓர் ஆய்வை வெளியிட்டனர். கிறித்தவர் செபமாலைச் செபத்தையும் யோக மந்திரத்தையும் ஓதியபோது, மூச்சு நிமிடத்திற்கு ஏறத்தாழ ஆறாகக் குறைந்தது. அழுத்த உணர்விகளின் கூர்மை கூடியது. ஆய்வில் பங்கேற்றோர் 23 பேரே, அனைவரும் நலமுடையோர். ஆதலின் அதனை நோய்தீர்க்கும் சான்றாகக் கொள்ளலாகாது. ஆயினும் எச்சமயத்து மந்திரமாயினும் நிதானமாக ஓதும்போது உடல் அதனைக் கேட்கிறது என்பதை அது உணர்த்திற்று.

திகம்பர மரபில் காயோத்சர்க்கம் மூச்சின் எண்ணிக்கையாலேயே அளக்கப்படுகிறது. பஞ்ச நமஸ்கார மந்திரம் ஒன்றுக்கு மூன்று மூச்சு; ஒன்பது முறைக்கு 27 மூச்சு. நிமிடத்திற்கு ஆறு என்று கொண்டால் 27 மூச்சுக்கு நாலரை நிமிடம் ஆகும். நடைமுறையில் ஒன்பது மந்திரமும் ஒரு நிமிடத்தில் முடிந்துவிடுவதைப் பல ஜினாலயங்களில் காணலாம். முன்னோர் வகுத்த அளவிலேயே ஓதினால் வழிபாடும் நிறைவுறும், உடலும் ஓய்வுறும்.

வெகுளி, செருக்கு, வஞ்சம், பேராசை என்னும் நான்கு கஷாயங்களையும் அறநூல்கள் உயிரைக் கட்டும் பசையாகக் கூறுகின்றன. வெகுளி எழும்போது மூளையின் உணர்ச்சி மையங்கள் ஹைப்போதலாமஸ் வழியாக முகுளத்தைத் தூண்டிப் பரிவு நரம்புகளை எழுப்புவதை உடலியல் காட்டுகிறது. சினத்தின் முதல் அடி சினந்தவன் மேலேயே விழுகிறது. ஆனால் ஒன்றை மறத்தல் கூடாது. பொறையும் மூச்சும் மருந்துக்குத் துணை. மருந்துக்கு மாற்று அல்ல. அமைதியே உருவான பெரியவர்க்கும் இரத்தக்கொதிப்பு வருவதுண்டு. அது அவருடைய தவக்குறைவு அன்று.

நோன்பு நாளில் நேர்வது

அட்டமி, சதுர்த்தசி நோன்பும் தசலட்சணப் பருவத்து உபவாசமும் இல்லங்களில் நிகழும்போது, பல வீடுகளுக்குப் பழகிய காட்சி ஒன்று உண்டு. முதியவர் உணவோடு மாத்திரையையும் விடுகிறார். வேறு சிலர் மாத்திரையை மட்டும் விழுங்கி நீரை விடுகின்றனர். இரண்டும் இடர் தரும்.

சில மருந்துகள் மூளையிலேயே செயல்படுகின்றன. குளோனிடின் அவற்றுள் ஒன்று. முகுளத்தின் பரிவுத் தூண்டலை அது குறைக்கிறது. அதனைத் திடீரென நிறுத்தினால் அழுத்தம் முன்னிலும் மிகுந்து எழும். இதயத்துடிப்பைத் தணிக்கும் பீட்டா தடுப்பு மருந்துகளையும் திடீரென நிறுத்தலாகாது. மறுபுறம், சிறுநீரைப் பெருக்கும் மாத்திரையை உண்டு நீரருந்தாதிருந்தால், உடலின் நீரும் உப்பும் வற்றும். எழுந்து நிற்கும்போது முகுளம் எவ்வளவு முயன்றாலும் மட்டம் தாழும். எழுந்து மூன்று நிமிடத்திற்குள் மேல் அழுத்தம் 20 அல்லது கீழ் அழுத்தம் 10 குறைந்தால் அது நிலைமாற்றத் தாழ்வழுத்தம் எனப்படும். காயோத்சர்க்கத்தில் நின்ற முதியவர் சாய்ந்து இடுப்பெலும்பு முறிவது அத்தகைய நொடியில்தான்.

இதற்குத் தீர்வு நோன்பைக் கைவிடுவதன்று. நோன்பைத் தொடங்கும் முன்பே மருத்துவரிடம் அதனை வெளிப்படையாகச் சொல்வது. எந்த மாத்திரையைக் குறைப்பது, எதனைத் தொடர்வது, எவர் முழு உபவாசத்திற்குப் பதிலாக ஒருவேளை உணவு கொள்வது என்பதை அவர் வகுப்பார். நோயுற்றோர் தம் ஆற்றலுக்கு ஏற்ப நோற்பதே முறை. அமர்ந்தும் தியானிக்கலாம், திருக்குணகிரிப் பாறையில் அமர்ந்த திருமேனிகளும் உள்ளன அல்லவா?

கதிரவன் மறைந்தபின் நீரும் அருந்தாதவர்க்கு இரவு மாத்திரை ஓர் இடர்ப்பாடு. பலர் அதனை மருத்துவரிடம் சொல்லக் கூசி, மாத்திரையை விட்டுவிடுகின்றனர். 21,104 பேர் பங்கேற்ற டைம் என்னும் பிரிட்டன் ஆய்வு 2022-இல் வெளியாயிற்று. இரத்த அழுத்த மாத்திரையைக் காலையில் உண்டாலும் மாலையில் உண்டாலும் மாரடைப்பு, பக்கவாதம் முதலியவற்றைத் தடுப்பதில் வேறுபாடு இல்லை என்பது அதன் முடிவு. ஆதலின் விரதத்தைச் சொன்னால், பெரும்பாலோர்க்குக் காலை வேளைக்கு மாற்றித்தர இயலும். உறைமாத்திரையின் மேலுறை விலங்குப் பொருளால் ஆனதோ என ஐயுறுவோரும் கேட்டு மாற்று மருந்து பெறலாம்.

அடுக்களையிலும் கவனம் வேண்டும். நாளொன்றுக்கு 5 கிராமுக்குக் குறைவான உப்பே போதும் என உலக சுகாதார நிறுவனம் கூறுகிறது. அது ஏறத்தாழ ஒரு தேக்கரண்டி. ஊறுகாய், அப்பளம், வற்றல், வடகம் ஆகியவற்றில் மறைந்துள்ள உப்பும் அதில் அடங்கும். சுவை துறத்தலை நோன்பாகக் கொண்ட மரபினர்க்கு, உப்பைக் குறைத்தல் அயலான செயலன்று.

அளந்து அறிதல்

உணர்வு ஏமாற்றும்; கருவி ஏமாற்றாது. ஐந்து நிமிடம் அமைதியாக அமர்ந்து, முதுகைச் சாய்த்து, பாதங்களைத் தரையில் ஊன்றி, கையை இதய மட்டத்தில் வைத்து, பேசாமல் அளக்க வேண்டும். அளப்பதற்கு முன் அரைமணி நேரம் காப்பி அருந்தலாகாது. வெவ்வேறு நாள்களில் 140/90 அல்லது அதற்கு மேல் இருந்தால் மருத்துவரைக் காண வேண்டும். முதியோர்க்கு நிற்கச் செய்தும் ஒருமுறை அளப்பது நன்று.

இதற்குச் செல்வம் தடையன்று. 2021 ஆகஸ்ட் 5-ஆம் நாள் தொடங்கப்பட்ட மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தின் பணியாளர்கள் வீட்டு வாசலுக்கே வந்து அளக்கின்றனர், மாத்திரையும் தருகின்றனர். கம்பம் பள்ளத்தாக்கின் சிற்றூர்களில் ஆரம்ப சுகாதார நிலையங்களும், மேல் மருத்துவத்திற்குத் தேனி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையும் உள்ளன. முகம் ஒருபுறம் கோணினாலோ, ஒரு கை தளர்ந்தாலோ, பேச்சுக் குழறினாலோ, நாளை பார்ப்போம் எனாது 108 ஊர்தியை உடனே அழைக்க வேண்டும்.

காயத்தின் பற்றை விடுதல் வேறு. காயத்தைக் கைவிடுதல் வேறு. பற்றை விட்டவர் தம் உடலை அறம் செய்வதற்குரிய கருவியாகக் கருதி, அதனை அளவோடு பேணுவர். அணையைக் காக்கும் ஊழியர் நீருக்கு ஆசைப்பட்டு அளப்பதில்லை. கீழே வாழும் ஊர்களுக்காகவே அளக்கிறார். இல்லத்து முதியவரின் கையில் அழுத்தம் அளக்கும் பட்டையைச் சுற்றும் பேரனும் பேத்தியும் அப்பணியையே செய்கின்றனர்.

இவ்விழா முடிந்து இல்லம் திரும்பும் ஒவ்வொரு குடும்பமும், இவ்வாரத்திற்குள் வீட்டிலுள்ள பெரியவர்கள் அனைவருக்கும் ஒருமுறை அளந்து, அவ்வெண்ணை நாட்காட்டியில் எழுதி வைக்கட்டும். அடுத்த நோன்புக்கு முன் மருத்துவரிடம் காட்ட அது உதவும்.

எவ்வுயிரும் இன்புற்று வாழ்க.